சம்பந்திகளுக்கு ஒரு மேசை

சிவனேஸ்வரி வரமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் அருமைநாயகி புறப்பட்டு வந்தாள். லண்டன் ஃபாரிங்டன் ஸ்டேஷனில் இறங்கி, போனில் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்து, அந்த ஸ்பானிய உணவகத்தைக் கண்டுபிடித்தாள். நடன நிகழ்ச்சி நிலவறையில் என்றார்கள். ஒடுங்கிய படிகளில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே, மேடையோடு ஒட்டிப் போட்டிருந்த சின்ன வட்ட மேசையில், கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிவனேஸ்வரி இருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரும்பிப் போவதென்றால் அப்போதே போயிருக்க வேண்டும். ஆனால் கூட்டி வந்த பணிப்பெண் அதற்குள் நாற்காலியை இழுத்துவிட்டிருந்தாள். முப்பது பேர் மட்டுமே இருக்கக்கூடிய அறை. வேறு மேசை எதுவும் காலியில்லை. சிவனேஸ்வரி பாதி எழுந்து, "வாங்கோ, இருங்கோ" என்றாள். தன் வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். அருமைநாயகி உட்கார்ந்தாள்.

அருமைநாயகியின் மகள் ஜெனோஜாவும் சிவனேஸ்வரியின் மகன் தர்சிகனும் ஐந்து வருடங்களுக்கு முன் கலியாணம் செய்தவர்கள். பெண் வீட்டார் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் கத்தோலிக்கர்கள். மாப்பிள்ளை வீட்டார் இல்ஃபோர்ட்டில் இருக்கும் சைவர்கள். காலையில் தேவாலயத்தில் மோதிரம், மாலையில் மண்டபத்தில் தாலி என்று இரண்டு முறையிலும் நடந்தது. தொடக்கத்தில் இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தது. போகப் போக அது அடங்கி, கிறிஸ்து பிறந்த நத்தாருக்குப் பெண் வீட்டில் சாப்பாடு, பொங்கலுக்கு மாப்பிள்ளை வீட்டில் சாப்பாடு என்று ஒரு வழக்கம் வந்தது.

போன நத்தாருக்கு ஃபாரஸ்ட் கேட் வீட்டில் சாப்பிட்டு முடிந்த கையோடு பிள்ளைகள் இரண்டு அம்மாமாருக்கும் சேர்த்து ஒரு பரிசு கொடுத்தார்கள். மார்ச்சில், இங்கிலாந்து அன்னையர் தினத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய ஆட்டம் பார்க்க மேடையோரத்தில் இருவருக்கு ஒரு மேசை. செவில் நகரத்துக்கு விடுமுறையில் போனபோது தாங்கள் அப்படி ஓர் ஆட்டம் பார்த்ததாகவும், அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது, நேரில் பார்க்க வேண்டும் என்றும் ஜெனோஜா சொன்னாள். தர்சிகன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் ஜெனோஜா இரண்டு சூட்கேசுகளோடு வந்து நின்றாள். தாங்கள் பிரிந்துவிட்டதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, சண்டை ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நாளில் வோல்தம்ஸ்டோவில் ஒரு தோழியின் வீட்டில் அறை எடுத்துப் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் இடையில் போன் பேச்சு இல்லை. மகனின் பக்கம் ஏதோ பிழை இருப்பதால்தான் சிவனேஸ்வரி வாய் திறக்காமல் இருக்கிறாள் என்று அருமைநாயகி எண்ணினாள். முதலில் போன் எடுக்க வேண்டியவள் அவள்தான் என்றும் எண்ணினாள்.

இன்றைய டிக்கெட்டை விட்டுவிடும்படி அவளுடைய கணவர் எட்வேட் சொன்னார். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது, அதே பங்கைச் சேர்ந்த மேரிசாந்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மகளைப் பற்றி விசாரிப்பாள். உண்மையான அக்கறையோடுதான் விசாரிப்பாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தன்னை அறிந்தவர்கள் ஒருவரும் இல்லாத இடத்தில் ஒரு மாலைப்பொழுது இருந்துவிட்டு வரலாம் என்று அருமைநாயகிக்குத் தோன்றியது.

இப்போது தன்னை நன்றாக அறிந்த ஒருத்திக்கு எதிரே, முழங்கால் முட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பணிப்பெண் எல்லா மேசைகளுக்கும் ஒரே சாப்பாட்டைக் கொண்டுவந்தாள். ஒரு பலகைத் தட்டில் மெல்லிசாகச் சீவிய பன்றியிறைச்சி, பக்கத்தில் சிவப்பு சொசேஜ். சிவனேஸ்வரி கையை உயர்த்தி, தான் வெள்ளிக்கிழமையில் மரக்கறிதான் என்றாள். அருமைநாயகி, தவக்காலத்து வெள்ளி, தானும் இறைச்சி தொடுவதில்லை என்றாள். இரண்டு பேரும் ஆளையாள் பார்க்காமல் பணிப்பெண்ணைப் பார்த்தே சொன்னார்கள். அந்தப் பெண் தன் அம்மம்மாவும் அப்படித்தான் என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மீன் சாப்பிடலாமா என்று திரும்பி வந்து கேட்டாள். அருமைநாயகி சாப்பிடலாம். ஆனால் எதிரே இருப்பவளுக்கு மீன் மணக்கும் என்று நினைத்து, தனக்கும் மரக்கறியே போதும் என்றுவிட்டாள்.

ஒலிவ் காய், தக்காளி தேய்த்த பாண் ரொட்டி, பொரித்த உருளைக்கிழங்கு எல்லாம் வந்தன. கடைசியாக, நீளவாக்கில் சீவி மொறுமொறுவென்று பொரித்து, மேலே தேன் விட்ட கத்தரிக்காய் வந்தது. சிவனேஸ்வரி ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். கத்தரிக்காய்க்குத் தேனா என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். பிறகு இன்னொரு துண்டு எடுத்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

பேசுவதற்குப் பொதுவான விஷயங்கள் சில இருந்தன. எட்வேட்டின் முழங்கால் எப்படி என்று சிவனேஸ்வரி விசாரித்தாள். அவளுடைய கணவர் யோகலிங்கத்தாரின் கடை எப்படிப் போகிறது என்று அருமைநாயகி விசாரித்தாள். அதோடு அவை முடிந்தன. இரண்டு பேரும் மேடையைப் பார்த்தார்கள். அது ஒரு சாண் உயரம்கூட இல்லாத பலகைத் தளம். உட்கார இரண்டு மரக் கதிரைகள் கிடந்தன. அவ்வளவுதான்.

வெளிச்சம் குறைந்து மூன்று பேர் வந்தார்கள். கிட்டார் வாசிக்க ஓர் இளைஞர். பாடுபவருக்கு அறுபது இருக்கும். தண்ணிப் பைப் திருத்த வந்தவர் போலச் சாதாரணமாக ஒரு சேர்ட் போட்டிருந்தார். ஆடுபவளும் இளம் பெண் இல்லை. இடுப்புப் பருத்து, கன்னத்தில் கோடு விழுந்து, கிட்டத்தட்ட இவர்கள் இருவரின் வயதில் இருந்தாள். ஒல்லியான ஒரு பெண் ரோசாப்பூ வைத்துக்கொண்டு வருவாள் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

முதலில் பாட்டு. கிட்டார் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையிலிருந்து எதையோ பிடுங்கி எடுப்பவர் போல அவர் தொடங்கினார். பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை நினைத்துப் பாடுகிற பசாம் அருமைநாயகிக்கு ஒரு கணம் நினைவுக்கு வந்தது. இது அப்படி அடங்கிப் பாடுவதாக இல்லை. இதில் கோபம் இருந்தது. மொழி விளங்காததால் யார்மேல் கோபம் என்று தெரியவில்லை.

பிறகு அவள் ஆடினாள். ஆட்டம் இவ்வளவு கிட்ட நடக்கும் என்று அருமைநாயகி எதிர்பார்க்கவில்லை. குதிகால் பலகையில் விழும்போதெல்லாம் மேசையில் கரண்டி நகர்ந்தது. தண்ணீர்க் கிளாசைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆடுபவளின் மூச்சு கேட்டது. தலையை வெட்டித் திருப்பியபோது ஒரு துளி வியர்வை மேசை விரிப்பில் விழுந்தது. சிவனேஸ்வரி அதைக் கவனித்தாள், துடைக்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்கு அவள் நீண்ட குஞ்சங்கள் தொங்கும் ஒரு பெரிய பட்டுச் சால்வையோடு வந்தாள். அதைச் சுழற்றியும் தோளில் போட்டும் இறக்கியும் ஆடினாள். ஒருமுறை சுழற்றியபோது குஞ்சங்கள் மேசைக்கு மேலாகப் போய், அருமைநாயகியின் கைச் சங்கிலியில் சிக்கின. சங்கிலியில் மாதா படம் பதித்த ஒரு சின்னப் பதக்கம் தொங்கியது. அதைச் சுற்றி நூல் இறுகிவிட்டது. அருமைநாயகியின் கை தானாக மேடைப் பக்கம் நீண்டது.

ஆடுபவள் நிற்கவில்லை. இழுக்கவும் இல்லை. சால்வை தளர்ந்து இருக்கும்படி ஓர் அடி கிட்ட வந்து, நின்ற இடத்திலேயே குதிகாலால் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். பாடுபவர் கைதட்டியபடி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அறை முழுவதும் அவர்களைப் பார்த்தது. அருமைநாயகிக்கு முகம் சுட்டது. ஒற்றைக் கையால் நூலைப் பிரிக்கப் பார்த்தாள், மற்றக் கையை இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது.

"ஆட்டாதேங்கோ, கையை அப்பிடியே வச்சிருங்கோ" என்றாள் சிவனேஸ்வரி. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அருமைநாயகியின் மணிக்கட்டைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு நூலாக எடுத்தாள். அவசரப்படவில்லை. பக்கத்தில் குதிகால் சத்தம் இடித்துக்கொண்டே இருந்தது. கடைசி நூல் கழன்றதும் அவள் சால்வையைத் தூக்கிக் காட்டினாள். ஆடுபவள் ஒரே சுழலில் நடு மேடைக்குப் போனாள். எல்லோரும் கைதட்டி ஓலே என்றார்கள். இது ஆட்டத்தில் ஒரு பகுதி என்று சிலர் நினைத்திருக்கக்கூடும்.

இடைவேளை விட்டார்கள். வெளிச்சம் வந்தது. அருமைநாயகியின் மணிக்கட்டில் சங்கிலி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. நொந்ததா என்று சிவனேஸ்வரி கேட்டாள். இல்லை என்றாள். சிவனேஸ்வரி கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தாள்.

"நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சுத்தான் நான் வந்தனான்" என்றாள்.

"நானும் அப்பிடித்தான்."

"நீங்கள் என்னோட கோவமா இருக்கிறியள் எண்டு தெரியும். என்ன கோவம் எண்டுதான் தெரியேல்லை. ஜெனோஜா உங்களிட்டை என்னத்தைச் சொன்னவவோ."

அருமைநாயகி நிமிர்ந்து பார்த்தாள். "அவ ஒண்டும் சொல்லேல்லை. நான் நினைச்சன், தர்சிகன் தம்பி உங்களிட்டைச் சொல்லியிருப்பார், நீங்கள் மறைக்கிறியள் எண்டு."

"எனக்கு என்ன தெரியும்? கேட்டால், அது தங்கட விசயமாம் எண்டு இங்கிலீசிலை சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திறான்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். பணிப்பெண் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். இரண்டு மாதங்களாக இரண்டு வீட்டிலும் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு மெல்ல மெல்ல வெளியில் வந்தது. ஐந்து வருடமாகியும் பிள்ளை இல்லை, சிவனேஸ்வரி ஜெனோஜாவைக் கேட்டுக் கேட்டு நச்சரித்திருப்பாள் என்று அருமைநாயகி நினைத்திருந்தாள். பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று அருமைநாயகி வீட்டார் தர்சிகனிடம் ஒற்றைக் காலில் நின்றிருப்பார்கள் என்று சிவனேஸ்வரி நினைத்திருந்தாள்.

"மருமகளிட்டை நான் ஒருநாளும் பிள்ளையைப் பற்றி வாய் திறக்கேல்லை" என்றாள் சிவனேஸ்வரி. "யோகலிங்கத்தாரையும் திறக்க விடேல்லை. மாதா அறிய எண்டு சொல்லுவியளே, அப்பிடிச் சொல்லுறன்."

"நம்பிறன்" என்றாள் அருமைநாயகி. "ஞானஸ்நானம் எண்ட சொல்லே எங்கட வீட்டிலை வரேல்லை. எட்வேட்டுக்கு ஆசை இருந்தது. நான்தான் வேண்டாம் எண்டனான்."

அப்படியானால் வேறு என்ன என்று இருவரும் யோசித்தார்கள். தெரிந்ததை எல்லாம் மேசையில் வைத்தார்கள். தர்சிகன் போன வருடம் அடிக்கடி தாமதித்து வந்தானாம். ஜெனோஜா மெலிந்துபோனாளாம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் இல்ஃபோர்ட்டுக்கு வந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் நித்திரை கொண்டார்களாம். எதை எதோடு சேர்த்துப் பார்த்தாலும் ஒரு காரணம் வரவில்லை.

"அந்த நத்தாருக்கு வந்து நிக்கேக்கையே தீர்மானிச்சிட்டினமோ?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி. "தீர்மானிச்சிட்டுத்தான் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு மேசை எடுத்தவையோ?"

அந்த நத்தார் மத்தியானத்தை அருமைநாயகியும் பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மகள் சிரித்தது உண்மையான சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருவர் மேல் பழி போட முடிந்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. இப்போது அதுவும் இல்லை. எதிரே இருப்பவளும் அதைத்தான் நினைக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

இரண்டாம் பாதியில் ஒரே ஓர் ஆட்டம். ஆடுபவள் கறுப்பு உடுப்பில் வந்து, மேடை நடுவில் கைகளைத் தொங்கவிட்டபடி அசையாமல் நின்றாள். பாடுபவர் பாடினார். அவள் அப்போதும் அசையவில்லை. இவ்வளவு நேரம் நிற்கிறாளே, மறந்துவிட்டாளோ என்று நினைக்கும் அளவுக்கு நின்றாள். பிறகு ஒரு கால் மட்டும், கேட்டும் கேட்காமலும், பலகையைத் தட்டத் தொடங்கியது. அது கூடிக்கொண்டே போனது. அங்கே இல்லாத ஒருவரோடு வாதாடுவது போல அவள் முன்னே போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். கொண்டையில் இருந்த ஒரு பின் கழன்று தரையில் விழுந்து உருண்டது. அதை அவள் மிதித்துக்கொண்டே ஆடினாள்.

சிவனேஸ்வரியின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் அழுபவள் போல இருக்கவில்லை. முகம் அப்படியே இருந்தது, நீர் மட்டும் வந்தது. அருமைநாயகி ஒரு நாப்கினை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். சிவனேஸ்வரி கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டியபோதுதான் எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"இவ்வளவு கோவத்தை வச்சுக்கொண்டு இந்த மனிசி எப்பிடி வீட்டை போய் நித்திரை கொள்ளுறா?" என்றாள்.

"நல்லாக் கொள்ளுவா" என்றாள் அருமைநாயகி. "எங்களை மாதிரி இல்லை."

கோட்டுகளைப் போட்டுக்கொண்டு படியேறி வந்தபோது, மேலே கதவடியில் ஆடியவள் நின்றாள். சாம்பல் நிறத் தடித்த ஜாக்கெட்டும் ஓடும் சப்பாத்தும் போட்டு, ஒரு பாக்கெட்டிலிருந்து பொரித்த கிழங்குச் சீவல் தின்றுகொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் அடையாளம் கண்டு, அருமைநாயகியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, மன்னிக்கும்படி சொன்னாள். அவளுடைய ஆங்கிலம் இவர்களுடையதைப் போலவே கொஞ்சம் யோசித்து யோசித்து வந்தது. நீங்கள் அக்கா தங்கையா என்று கேட்டாள்.

அருமைநாயகி இல்லை என்றாள். வேறு என்ன என்று சொல்ல ஆங்கிலத்தில் ஒரு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. இவருடைய மகள், என்னுடைய மகன் என்று சிவனேஸ்வரி ஆங்கிலத்தில் தொடங்கி, அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆடியவளுக்கு அது போதுமாக இருந்தது. கொன்சுவேக்ரா என்றாள். ஸ்பானிய மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, ஆங்கிலேயரிடம்தான் இல்லை, இதை விளங்கப்படுத்த நான் எத்தனை நாள் கஷ்டப்பட்டிருக்கிறேன் என்று சொன்னாள். தமிழிலும் இருக்கிறதா என்று கேட்டாள். சம்பந்தி என்று சிவனேஸ்வரி சொல்லிக் கொடுத்தாள். அவள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். தனக்கும் ஸ்பெயினில், ஹெரஸ் ஊரில் ஒரு சம்பந்தி இருக்கிறாள், தாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். நீங்கள் ஒன்றாக ஆட்டம் பார்க்க வருகிறீர்கள், உங்கள் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்றாள்.

இருவரும் அதைத் திருத்தவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள்.

இருவருக்கும் ஒரே ரயில்தான். எலிசபெத் லைனில் சனம் குறைவாக இருந்தது. ஸ்ட்ராட்ஃபோர்ட் கிட்ட வந்தபோது, ஜெனோஜா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று சிவனேஸ்வரி கேட்டாள். பரவாயில்லை என்று அருமைநாயகி சொன்னாள். தர்சிகன் சமைப்பானா என்று அவள் கேட்டாள். முட்டை பொரிக்க மட்டும் தெரியும் என்று பதில் வந்தது. ஃபாரஸ்ட் கேட் வந்ததும் அருமைநாயகி எழுந்தாள். வீட்டுக்குப் போனதும் ஒரு மெசேஜ் போடும்படி சிவனேஸ்வரி சொன்னாள். சரி என்றாள். கதவு மூடியது.

எட்வேட் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருந்து பார்த்தாயா என்று கேட்டார். தர்சிகனின் அம்மாவும் வந்திருந்தாள் என்று அருமைநாயகி சொன்னதும் அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"என்னவாம்?"

"அவவுக்கும் ஒண்டும் தெரியாதாம்."

"அப்ப இனிக் கேக்க ஆளில்லை" என்றார் எட்வேட்.

அருமைநாயகி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வந்து சேர்ந்ததாக மெசேஜ் போட்டாள்.

ஓகஸ்ட் கடைசியில் விவாகரத்து முடிந்தது. ஜெனோஜா அதைப் போனில் சொன்னாள், அழவில்லை. அடுத்த நாள் காலை சிவனேஸ்வரி போன் எடுத்தாள். அவளுக்கும் செய்தி போயிருக்கும், அதைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று அருமைநாயகி கதிரையை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். ஆனால் அவள் அதைத் தொடவில்லை. தன் தங்கையின் மகளுக்குக் கலியாணம் வருகிறது, சாறி எடுக்கக் கிறீன் ஸ்ட்ரீட் போக வேண்டும், தனியாகப் போனால் கடைக்காரர்கள் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள் என்றாள். சனிக்கிழமை பத்து மணிக்கு அப்டன் பார்க் ஸ்டேஷன் வாசலில் நிற்கலாமா என்று கேட்டாள். பத்து மணிக்குச் சனம் கூடிவிடும், கடை திறக்கும் நேரத்துக்கே போவோம் என்று அருமைநாயகி சொன்னாள்.